சரிவின் நீர்மட்டப் பதிவேட்டில் நான் எழுதிய இருபத்தைந்து பொய் அளவுகள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை (வயது 78),
மேட்டுத் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
மண்சரிவுத் தடுப்புப் பிரிவு.

பொருள்: எங்கள் வீட்டுப் பின்சரிவின் பாதுகாப்புக் கணக்கு தவறான நீர்மட்டத்தை வைத்துச் செய்யப்பட்டிருப்பது, வரும் வியாழன் தொடங்கவுள்ள அடிவாரத் தோண்டலை நிறுத்தக் கோருவது.

பார்வை: தங்கள் ஆய்வறிக்கை, பக்கம் 14.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார் மனு. புகாருக்கு உள்ளானவரும் நானே என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முறை.

2. என் மறைந்த கணவர் தங்கள் பிரிவில் பொறியாளராக இருந்தவர். எங்கள் வீட்டிலிருந்து முப்பத்தொரு படி கீழே, சரிவின் நடுவில், நிலத்தடி நீரை அளக்க ஒரு குழாய் பதித்தவர் அவரே. நாடாவின் முனையில் கட்டிய ஈயக்குண்டைக் குழாய்க்குள் இறக்கி, அது தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் நாடாவில் உள்ள அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானதும் தங்கள் அலுவலகம் அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தது. திங்கள்தோறும் அளந்து மாத இறுதியில் அனுப்பி வந்தேன்.

3. சரிவுக் கணக்கு எனக்குப் புதிதல்ல. அந்நாளில் சரிவின் படத்தை வரைந்து, அது வழுக்கக்கூடிய வளைகோட்டுக்கு மேலுள்ள மண்ணைப் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எடை, உராய்வு, ஒட்டும் வலு, நீரழுத்தம் ஆகியவற்றைக் கூட்டுவோம். பிடித்து நிறுத்தும் வலுவைச் சரியத் தள்ளும் பாரத்தால் வகுத்தால் பாதுகாப்பு எண் கிடைக்கும். அது ஒன்றுக்குக் கீழே போனால் நிலம் நிற்காது. விடையே கணக்கின் உள்ளேயும் வருவதால், ஓர் எண்ணை ஊகித்துப் போட்டு, வரும் விடையை மறுபடி உள்ளே போட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை செய்ய வேண்டும். என் கணவர் ஊகிப்பார், நான் கூட்டிக் கழித்துச் சரிபார்ப்பேன். “கல்யாணமும் இப்படித்தான், முதல்ல ஒரு ஊகம், அப்புறம் ஆயுசுக்கும் திருத்தம்” என்பார். மனுவில் இது தேவையற்றதுதான். எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

4. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழையில் அந்தப் படிகளில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. வெளியூரிலுள்ள என் மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வரச் சொல்வான். தங்கள் அலுவலகத்திடமும் சொல்லவில்லை. சொன்னால் பதிவேட்டை வாங்கிக்கொள்வீர்கள். எனவே மழை பெய்த வாரங்களில் நான் கீழே இறங்கவில்லை. மேசையில் உட்கார்ந்தே அளவை எழுதினேன். முதல் ஆண்டு பதினொரு வாரம், மறு ஆண்டு பதினான்கு வாரம். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினால் சந்தேகம் வரும் என்று, மழையில்லாத வாரங்களில் உண்மையில் அளந்த 6.20 மீட்டரை மூன்று, ஐந்து சென்டிமீட்டர் ஏற்றியும் இறக்கியும் எழுதினேன். கன்னியர் மடப் பள்ளியில் படித்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளின் கணக்கில் பிழை பிடித்தவள் செய்த வேலை இது.

5. தங்கள் அறிக்கையை இளநிலைப் பொறியாளர் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். கணினி இந்தச் சரிவை நான்காயிரம் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, பாதுகாப்பு எண் 1.38 என்று கண்டிருக்கிறது. 1.30 இருந்தாலே போதும் என்பதால் அடிவாரத்தில் மூன்று மீட்டர் வெட்டிப் பாதையை அகலமாக்க அனுமதி தரப்பட்டுள்ளது. பதினான்காம் பக்கத்தில், “நீர்மட்டப் பதிவு ஒரு வாரம்கூட விடுபடாதது, முழு நம்பகமானது” என்று என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். ஒரு வாரமாவது விடுபட்டிருந்தால் தாங்களே ஆள் அனுப்பியிருப்பீர்கள்.

6. மறுநாள் மழையிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கி அளந்தேன். நீர் 2.10 மீட்டர் ஆழத்திலேயே இருந்தது. எட்டு நாள் உட்கார்ந்து பழைய முறையில் கணக்குப் போட்டேன். பொய் அளவுக்கு 1.36 வந்தது, கணினியின் விடையோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால் என் கை இன்னும் தவறவில்லை என்று தெரிந்துகொண்டேன். உண்மை அளவுக்கு 1.05. அடிவாரத்தை வெட்டினால் 0.94. தங்கள் கணினியை நான் குறை சொல்லவில்லை. நான் கொடுத்த தண்ணீரை அது நம்பியது.

7. உடனே அலுவலகம் வந்தேன். நீர்மட்டத்தை ஒருமுறை சரிபார்க்கும்படி மட்டும் இளநிலைப் பொறியாளரிடம் கேட்டேன். அவர் சிரித்தபடி, “உங்க ரீடிங்கையே சந்தேகப்பட்டா அப்புறம் யாரை நம்புறதும்மா? எங்க ஆபீஸ்ல இவ்ளோ ஒழுங்கா யாரும் எழுதினதே கிடையாது” என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால் ஆறு நாட்கள் வீணாயின. அவர்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம்.

8. அடிவாரத்தில் ஒன்பது குடும்பங்கள் இருக்கின்றன. வெட்டப்போகும் பக்கம்தான் அவர்கள் வீடுகளின் பின்சுவர். சென்ற மழையில் தற்காலிகமாக இடம் மாறும்படி தாங்கள் அறிவுறுத்தியபோது, முதல் வீட்டுத் தையற்காரரின் மனைவி என்னிடம் யோசனை கேட்டார். பதிவேட்டைப் பார்த்து, பயமில்லை என்றேன். “மேல நீங்க இருக்கீங்கல்ல அக்கா, எங்களுக்கென்ன” என்று கட்டிய மூட்டையைப் பிரித்துவிட்டார். மற்ற எட்டு வீடுகளும் அவரைப் பார்த்தே தங்கின. அந்த வீட்டின் பின்கதவு பத்து நாட்களாகச் சாத்த முடியாமல் நிலையில் இடிக்கிறது. மழையில் மரம் உப்பியிருக்கும் என்று தையற்காரர் இழைத்துப் பார்த்தார், மறுபடியும் இடிக்கிறது.

9. ஆகவே நான் வேண்டுவன: வியாழன் தோண்டல் நிறுத்தப்பட வேண்டும். ஒன்பது குடும்பங்களும் உடனே பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட வேண்டும். இணைத்துள்ள பதிவேட்டில் நான் ஒற்றைக் கோடிட்டு அடித்திருக்கும் இருபத்தைந்து அளவுகளையும் நீக்கி, மீண்டும் அளந்து கணக்கிட வேண்டும். பதினான்காம் பக்கத்து வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். என்மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. என் மகனுக்கும் இந்த மனுவின் நகல் அனுப்பியிருக்கிறேன்.

10. இன்று காலை அளவு 1.85 மீட்டர். இதைச் சாட்சியோடு எடுத்தேன். தையற்காரரின் மனைவியை அழைத்து, நடந்தது அனைத்தையும் அவரிடம் சொல்லிவிட்டேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாடாவை என் கையிலிருந்து வாங்கி, தானே குழாய்க்குள் இறக்கி, சத்தம் கேட்டதும் எண்ணைப் படித்துச் சொன்னார். பிறகு, “இவ்ளோதானா அக்கா? மேலேருந்து ஒரு குரல் கொடுத்திருந்தா நானே வாராவாரம் அளந்து சொல்லியிருப்பேனே” என்றார். அவர் வீடு நிற்கும்போதே தங்கள் ஆணை வந்து சேர வேண்டும், ஐயா.

இப்படிக்கு,
வியாழனுக்கு முன் பதிலை வேண்டும்
மனுதாரர்
(கையொப்பம்)

நாள்: இம்மாதம் 9, திங்கள், காலை 8 மணி
இடம்: மேற்கண்ட முகவரி

இணைப்பு: நீர்மட்டப் பதிவேடு; கைக்கணக்கு, 23 தாள்கள்.