அறுபத்து நான்கு குடும்பங்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒன்பது இடங்கள். பள்ளிக்கூடங்கள், பஸ் டிப்போ, கடைசியாகப் பஞ்சுக் குடோன். குடோனில் 163 குடும்பம். சண்டையில் ஊரை விட்டு ஓடி, ஆற்றங்கரையில் கொட்டகை போட்டு, வெள்ளத்தில் அதுவும் போய், இங்கே வந்து படுத்திருப்பவர்கள். "எத்தனை முறை இடம்பெயர்ந்தீர்கள்" என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. ஒருத்தர், "இனிமே போகப் போறதையும் சேர்த்தா?" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய் எண்ணுவது நிவாரண அலுவலகத்தில் என் வேலை. எத்தனை பேர், தண்ணீர் வருகிறதா, கக்கூஸ் எத்தனை. அதை வைத்துத்தான் சாமான் வரும். எண்ணப்படாதவருக்கு எதுவும் வராது. வேலையில் சேர்ந்த அன்றே எனக்குச் சொன்னார்கள். நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குடோனில் எல்லாம் டைலர் அக்காதான். தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் நடந்து வந்தவள். யார் எந்தத் தூணுக்குப் பின்னால் படுக்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. நான் எண்ணி முடிப்பதற்குள் கூட்டிச் சொல்லிவிடுவாள். இன்றைக்குக் கேட்டாள், "எழுதிக்கிட்டே போறியேம்மா, இதெல்லாம் எங்க போகுது?" எண்ணிக்கை மட்டும்தான் அக்கா போகும், பேர் போகாது என்றேன்.

மார்ச் 5, வியாழன்

பேர் போகும்.

காலையில் புது உத்தரவு. ஒரே ஆள் இரண்டு தடவை போர்வை வாங்கிவிடுகிறாராம். அதனால் குடோனில் பெயர்ப் பட்டியல் எடுக்க வேண்டுமாம். எங்கள் தகவல் பிரிவு அதிகாரி புதுப் படிவத்தைக் கொடுத்தார். எதைக் கேட்டாலும் கட்டம் போட்டுக் காட்டுகிறவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அட்டவணை'. பெயர், அப்பா பெயர், வயது, விட்டு வந்த ஊர். நான்கு கட்டம்.

டைலர் அக்கா தயங்கினாள். மற்றவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். "பேர் இருந்தாதான் தார்ப்பாய் வரும்க்கா. மழை வந்தா நனையப்போறது யாரு?" என்று நான்தான் சொன்னேன். கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, உன்னை நம்பித்தான்" என்றாள். அவ்வளவுதான், வரிசை வந்துவிட்டது. ஒரே நாளில் 163 குடும்பத்தையும் முடித்தேன். விரல் மடங்கவில்லை. அவசரத்தில் ஒன்றிரண்டு தப்பு விழுந்திருக்கும். அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம்.

மார்ச் 10, செவ்வாய்

குடோனுக்குத் தார்ப்பாய் போய்ச் சேர்ந்துவிட்டதாம். நல்லது.

மார்ச் 17, செவ்வாய்

குடோனில் 99 குடும்பம்.

மூன்று தடவை எண்ணினேன். 99தான். வாட்ச்மேனைக் கேட்டால், ஊருக்குத் திரும்பிட்டாங்க என்கிறார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. இருப்பவர்கள் வாயைத் திறக்கவில்லை. போன தடவை வரைக்கும் என் பையைப் பிடித்து இழுத்து விளையாடிய குழந்தைகளை இன்று உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

டைலர் அக்கா இல்லை. அவள் மிஷினும் இல்லை. ஆனால் அடுப்புகள் இருக்கின்றன. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் இருக்கின்றன. கொடியில் துணி காய்ந்து மொடமொடவென்று தொங்குகிறது. புதுத் தார்ப்பாய் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. வீட்டுக்குப் போகிறவர்கள் பாத்திரத்தை விட்டுவிட்டா போவார்கள்?

64 குடும்பம். எங்கே?

மார்ச் 18, புதன்

'ஊர் திரும்பியவர்கள்' கட்டத்தில் போடுங்கள் என்கிறார் அட்டவணை. வாட்ச்மேன் சொன்னதே போதுமாம். அந்தக் கட்டத்தில் 64 விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பிவிட்டால் முகாமை மூடலாம் என்பது விதி. மாதக் கடைசியில் பூட்டு. மிச்சமிருக்கும் 99 குடும்பமும் தெருவில்.

'தெரியவில்லை' என்று எழுதுகிறேன் என்றேன். அப்படி ஒரு கட்டமே இல்லை என்றார். அடுத்த செவ்வாய்வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 19, வியாழன்

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

குடோனில் கால் முடியாத பிளம்பர் ஒருவர் இருக்கிறார். குழாயைப் பழுது பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். தலையை நிமிர்த்தாமலே பேசினார். அவர் ஊர்க்காரர்கள்தான் அந்த 64 குடும்பமும். நடக்க முடியாததால் இவர் மட்டும் தங்கிவிட்டார்.

போன வியாழக்கிழமை காலை, எல்லாரும் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு வண்டி வந்திருக்கிறது. சீருடைக்காரர்கள். கையில் தாள். அந்த ஊரின் மேல் அவர்களுக்கு முன்பிருந்தே ஒரு கண், எதிர்த் தரப்புக்குச் சோறு போட்ட ஊர் என்று. தாளில் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பார்த்து ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கு பேர். வெல்டர் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி, ஒரு கண்டக்டர், கடைசியாக டைலர் அக்கா வீட்டுப் பெயிண்டர். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்களாம். அனுப்பவில்லை.

வெல்டர் வீடு, கண்டக்டர் வீடு, டைலர் வீடு. நான் எழுதிக்கொண்டு போன வரிசை.

அப்புறம் அவர் சொன்னார், "அந்தப் பெயிண்டர் பையனை டைலரோட மூணாவது மகன்னு வாசிச்சாங்கம்மா. அவளுக்கு ஏது மூணாவது மகன்? அவன் அவ தங்கச்சி பையன்."

நான்தான். ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள் என்று மூன்று பேரையும் மகன் என்று எழுதினேன். அவள் புருஷன் பெயரையே அவனுக்கும் அப்பா பெயராகப் போட்டேன். இந்தத் தப்பு உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது.

மறுநாள் விடிவதற்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்களாம். எங்கே என்று கேட்டேன். "நீங்க கேக்காதீங்கம்மா" என்றார் பிளம்பர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

அட்டவணை முதலில் பூசி மெழுகப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஆறாம் தேதி பெயர்ப் பட்டியலைக் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது, 'ஒருங்கிணைப்புக்காக' என்று. பத்தே நிமிடத்தில் பட்டியலை அனுப்பியிருக்கிறார். மேலதிகாரி கையெழுத்து இருந்தது, ரேஷனுக்கென்று நினைத்தேன் என்றார்.

நினைச்சாராம். நான் மட்டும் என்ன, தெரிஞ்சா எழுதினேன்? — கத்திவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவர் சத்தம் போடவில்லை. "எழுதி வாங்கினது நீங்கதானே" என்றார்.

மார்ச் 21, சனி

என் கையெழுத்து எனக்கே பயமாக இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பம்ப் மெக்கானிக். எதற்கும் தண்ணீரிலிருந்துதான் யோசிப்பார். "அறுபத்தி நாலு குடும்பம்னா முந்நூறு பேருக்கு மேல. தண்ணி இல்லாத இடத்துல ஒரு நாள் தாங்காது. குடோன்லேர்ந்து நடந்து போற தூரத்துல, ஆள் நடமாட்டம் இல்லாம, போர்வெல் இருக்கிற இடம் ஒண்ணுதான்" என்றார். மூடிக் கிடக்கும் செங்கல் சூளை. அங்கே மோட்டார் போட்டதே அவர்தான்.

பைக்கில் போனோம். தூரத்திலேயே புகை தெரிந்தது. டைலர் அக்கா வழியை மறித்து நின்றாள்.

"நோட்டு இருந்தா வண்டியிலயே வச்சிட்டு வா."

கொண்டுவரவில்லை அக்கா என்றேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அப்படியும் உள்ளே விடவில்லை. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அதை வச்சு நான் என்ன பண்ண என்றாள்.

பின்னால் சூளைக் குழிகளுக்குள் குழந்தைகள் சுருண்டு கிடந்தார்கள். நாலைந்து நாளாக வயிற்றுப்போக்கு. மோட்டார் ஓடவில்லை, குழியில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கிறார்கள். வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு மோட்டார் பக்கம் போனார். அவரை மட்டும் விட்டார்கள்.

பதிவு பண்ணினால்தான் மருந்தும் தார்ப்பாயும் கொண்டுவர முடியும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"எண்ணணும்னா எண்ணிக்கோ, தலையை மட்டும். பேர் கிடையாது, ஊர் கிடையாது. அப்புறம் இன்னொண்ணு. ஆளைத் தேடுறதுதானே உன் வேலை? எங்க ஆளுங்க நாலு பேரைத் தேடிக் குடு."

திரும்பி வரும்போது வீட்டுக்காரர், "நம்ம பேரும் எங்கயோ ஒரு தாள்ல இருக்கும்ல?" என்றார்.

மார்ச் 23, திங்கள்

இலவச சட்ட உதவி வக்கீலம்மாவைப் பார்த்தேன். கேட்டு முடித்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். அந்த நான்கு பேரை யாரும் கூட்டிக்கொண்டு போகவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பட்டியல் எங்கே போனது என்பதற்குக் காகிதம் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். அனுப்பினவரே எழுதித் தர வேண்டும்.

அனுப்பினவருக்கு வேலை போகும். எனக்கும்தான்.

மார்ச் 24, செவ்வாய்

படிவத்தில் 'ஊர் திரும்பியவர்கள்' கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். 'பாதுகாப்பில்லாமல் மறுபடி இடம்பெயர்ந்தவர்கள்' கட்டத்தில் 64. அதோடு, கையெழுத்துக்காக வக்கீலம்மா கொடுத்த தாளையும் அட்டவணை மேஜையில் வைத்தேன்.

படித்தார். மறுபடி படித்தார். மகளுக்கு இந்த வருஷம் கடைசிப் பரீட்சை என்று, என்னிடம் இல்லை, மேஜையிடம் சொல்வதுபோலச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிள்ளைகள் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறார்கள்.

மத்தியானம் அவரே என் இடத்துக்கு வந்தார். கையெழுத்துப் போட்டிருந்தார். "தேதியைக் கட்டத்துக்குள்ள போடணுமா, கீழயா?" என்று கேட்டார். கீழே என்றேன்.

குடோனை மூடும் பேச்சு அதோடு நின்றது.

மார்ச் 26, வியாழன்

மனு போட்டாயிற்று. வாசலில் வண்டி நின்றால் எழுந்து பார்க்கிறேன். பால்காரர்.

மார்ச் 28, சனி

மூன்று பேர் வந்துவிட்டார்கள்! வெல்டர்கள் இரண்டு பேரும் கண்டக்டரும். ஆள் பாதியாகியிருக்கிறார்கள். தண்ணீர், தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தார்களாம்.

பெயிண்டர் வரவில்லை. அப்படி ஒருவர் எங்களிடம் இல்லவே இல்லை என்று சீருடைக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கண்டக்டரோ, மூன்றாம் நாள்வரை பக்கத்தில்தான் இருந்தான், காதில் ரத்தம் வந்தது, எங்கேயோ தூக்கிக்கொண்டு போனார்கள் என்கிறார்.

மார்ச் 29, ஞாயிறு

பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது உறைத்தது.

மனுவில் அவன் பெயரைச் சரியாக எழுதினோம். அவன் சொந்த அப்பா பெயரோடு. அவர்கள் பதிவேட்டில் இருப்பது என் தாளில் இருந்த பெயர். டைலர் அக்கா புருஷனின் மகன். நாங்கள் தேடுகிற ஆள் அவர்களிடம் நிஜமாகவே 'இல்லை'.

வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணினேன். நாளைக்கே வந்து, அந்தத் தப்பு உங்களுடையது என்று சத்தியம் பண்ணி எழுதித் தரணும் என்றார். சரி என்றேன். வீட்டுக்காரர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்லவில்லை. என் செருப்பில் வார் அறுந்திருந்ததைத் தைத்து வைத்தார்.

மார்ச் 30, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பெயர், அப்பா பெயர், வயது, முகவரி. எழுதும்போதுதான் தெரிந்தது டைலர் அக்கா ஏன் தயங்கினாள் என்று.

ஏப்ரல் 2, வியாழன்

கிடைத்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில், போலீஸ் காவல் போட்ட வார்டில். படுக்கைத் தலைமாட்டில் நான் எழுதிய அதே தப்பான அப்பா பெயர். உயிரோடு இருக்கிறான். இடது காது இனிக் கேட்காதாம்.

டைலர் அக்காவும் அவள் தங்கச்சியும் உள்ளே போனார்கள். நான் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். உள்ளிருந்து அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தங்கச்சி அவனுக்குச் சாப்பாடு ஊட்டும் சத்தம்தான், ஸ்பூன் கிண்ணத்தில் படுவது.

ஏப்ரல் 14, செவ்வாய்

அட்டவணையின் நாற்காலி பத்து நாளாகக் காலி. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் கடிதம் வரும் என்கிறார்கள். இன்னும் வரவில்லை. எனக்கு வரும் அலுவலக வண்டியை மட்டும் நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் போய், இறங்கி நடந்தேன்.

சூளையில் மோட்டார் ஓடுகிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்தே மருந்தும் தார்ப்பாயும் வந்துவிட்டன. மேலே கேட்டவர்களுக்கு, பேர் தர மாட்டார்கள், நானும் வாங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழந்தைகள் ஓடியாடுகிறார்கள். என் பையைத் தொடவில்லை, ஆனால் ஒளியவுமில்லை.

டைலர் அக்கா சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே, "அறுபத்தி ஒண்ணு" என்றாள்.

போன தடவை 64. மூன்று குடும்பம் குறைகிறது. சுற்றிப் பார்த்தேன். அவள் தங்கச்சி வீடு இருந்த குழி காலியாக இருந்தது. காவலிலிருந்து விட்ட பிறகு இங்கே வந்திருந்த பெயிண்டரை ஒரு தடவையாவது நேரில் பார்த்து, என்னால்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் நடந்து வந்திருந்தேன்.

எங்கே போனார்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. அக்கா ஊசியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

படிவத்தில் 'சென்றவர்கள்' கட்டத்தில் 3 என்று போட்டேன். அதற்குப் பக்கத்துக் கட்டம், 'சென்ற இடம்'. அதில் 'கேட்கவில்லை' என்று எழுதினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். பலகையில் கொஞ்சம் நகர்ந்து, உட்கார இடம் விட்டாள்.