குழந்தை இல்லை என்று சொன்னது

நவம்பர் 12, செவ்வாய்.

ஆளரவமில்லாத கடற்கரையைத் தேடியதே மகள் மீனுவுக்காகத்தான். மும்பை ஜுஹு கடற்கரையில் பலூன்காரன் பீப்பீ ஊதினாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அவளைப் பற்றி உண்மையைச் சொன்ன மூன்று விடுதிகளில் அறை இல்லை என்றுவிட்டார்கள். அதனால் இன்று அலிபாக் விடுதிக்காரர் போனில் குழந்தைகள் உண்டா என்று கேட்டதும், "நஹீ ஜி, பச்சா நஹீ ஹை" என்றேன். குழந்தையே இல்லை என்று.

மீனு பக்கத்தில்தான் இருந்தாள். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறவள். சாப்பிடும்போது சொன்னாள்: "நஹீ ஜி, பச்சா நஹீ ஹை."

"யார் சொன்னா இத?" என்றார் அவள் அப்பா.

"டிவில கேட்டிருப்பா."

தூங்கவைக்கத் தட்டிக்கொடுத்தபோதும் சொன்னாள். அந்த 'ஜி'யில் நான் குழைந்த குழைவுகூட மாறவில்லை.