ஐந்து வீட்டுச் சட்டம்

இன்று காலை வியா மக்வேதா தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை வாசலில், களிமண் போர்வீரர்கள் வரிசையாக நிற்கும் அட்டைப்படத்தைக் கண்டேன். நீ மாலைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு திரிந்த அதே சரித்திரப் புத்தகம். வந்த பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். நீ போய் எட்டு மாதமாகிறது.

மொண்டெல்லோ கடற்கரை விடுதியில் அறைகளைத் துப்புரவாக்கிய குழுவில் நாம் ஐந்து பெண்கள். நாற்பது வயதில் உனக்குப் படிப்பு ஆசை பிடித்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டால் கடைசி அறையை அரைகுறையாக விட்டு ஓடுவாய்; நாங்கள் முடித்துவைப்போம். ஒருநாள் எங்களாலும் முடியவில்லை. மறுநாள் உனக்கு ஓய்வு. மேற்பார்வைக்காரி மற்ற நால்வரையும் கூப்பிட்டாள். அந்த அறையைச் செய்தது யாரென்று மாலைக்குள் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் ஞாயிறு லீவு இல்லை என்றாள்.

அந்த ஞாயிறுதான் என் மகளின் சாமத்தியவீடு, அவள் பெரியபிள்ளையான சடங்கு. மண்டபம் எடுத்தாயிற்று, சொந்தக்காரர் எல்லாம் புறப்பட்டுவிட்டார்கள். உனக்கொரு போன் எடுத்திருக்கலாம். நீயே வந்து ஒப்புக்கொண்டிருப்பாய். எடுக்கவில்லை. தனியாகப் போய் உன் பெயரைச் சொன்னேன். இரண்டே நாளில் உன்னை வேலையால் நிறுத்தினார்கள்.

நீ வரமாட்டாய் என்றிருந்தேன். வந்தாய். மண்டபத்துச் சமையலறையில் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாய்.

“நான் வாய்ச் சோதினை பாஸ். சீனாவின்ர சின் அரசைப் பற்றித்தான் கதைச்சனான்.”

நிமிராமல் பலகாரத் தட்டைக் கையில் தூக்கினேன்.

“அங்கை அஞ்சு வீட்டை ஒரு கட்டாக்கி வைச்சிருந்தவையாம். ஒருத்தன் பிழை விட்டா மற்றவன் காட்டிக்குடுக்கவேணும். இல்லாட்டி எல்லாருக்கும் தண்டனை. மனுசரைப் பயத்தாலைதான் ஆளலாம் எண்டு நினைச்ச ஆக்கள். பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டினாலே சனம் நடுங்கியிருக்கும், என்ன?”

“நான்தான் சொன்னனான்,” என்றேன்.

“தெரியும். முழுக்கக் கேள். அந்த அரசு பதினைஞ்சு வருசந்தான் நிண்டது. பிறகு வந்த ஹான் அரசர்மார் பழைய சட்டங்களை முழுக்கக் கைவிடேல்லை. ஆனா மரியாதையும் நல்ல பழக்கமும் சொல்லிக்குடுத்து ஆளவேணும் எண்ட கொள்கையையும் சேர்த்துக்கொண்டவை. தாய் தேப்பன் விட்ட பிழையைப் பிள்ளை மறைச்சாத் தண்டிக்கக்கூடாது எண்டு ஒரு சட்டமும் வந்ததாம்.”

“நான் உன்ர பிள்ளையில்லையே...” என்று அழுதேன்.

“இல்லை. ஆனா பிள்ளைக்காகத்தானே சொன்னனீ. தட்டை இஞ்சை தா, விழப்போகுது.”

அதன்பின் நீ கால்சாப் பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோரா அம்மாவைப் பராமரித்தாய், நோய் உன்னையே படுக்கையில் போடும்வரை. அந்த விஷயத்தை ஒருநாளும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் எடுக்கப் பார்த்தபோது, என் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய்.

இப்போது இன்னொரு விடுதியில் நானே மேற்பார்வைக்காரி. போன கிழமை ஓர் அறையில் பெரிய கண்ணாடிச் சாடி உடைந்து கிடந்தது. துப்புரவுப் பெண்கள் ஆறு பேரும் என் முன்னால் வந்து நின்றார்கள். “ஆர் உடைச்சது?” என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன்னை நினைத்துக்கொண்டேன்.

“ஆருக்கும் கை வெட்டுப்பட்டதோ?” என்று கேட்டேன்.

கடைசியில் நின்ற மொரிசியஸ்காரி, முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த கையை மெல்ல நீட்டினாள்.