நிலம் ஆடியபோது ஓடியவனுக்கு

எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பழைய நண்பனுக்கு,

நிலநடுக்கப் பயிற்சி பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது, அதற்குப் பதில் ஆண்டுவிழாவில் சோடா உப்பில் செய்த பொம்மை எரிமலை நுரைக்கட்டும் என்றாய். உன் அறிவுக்கு அதுவே அதிகம். நான் பயிற்சியை நிறுத்தவில்லை.

இன்று காலை நிலம் ஆடியதும் என் வகுப்பே மேசைக்கு அடியில் தலையைப் பொத்திக்கொண்டு ஒடுங்கியது. அதிர்வு நின்றபின் சன்னலில் எட்டிப் பார்த்தால், பள்ளியையே விட்டுவிட்டு ஓடிய நீ மைதானத்தில் ஒற்றைச் செருப்போடு நிற்கிறாய்.

"சார், எங்கப்பாவுக்கு நீங்க இதைச் சொல்லித் தரலையா?" என்று கேட்டாள், என் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த உன் மகள்.

"வெளியில இடம் சரியா இருக்கான்னு பார்க்கப் போயிருக்காரும்மா" என்றேன், உனக்காக அல்ல.

அவள் நம்பவில்லை. ஆனால் என் மனம் நோகக்கூடாதென்று நம்பியதுபோல் தலையாட்டினாள். அந்தப் பண்பு நிச்சயம் உன்னிடமிருந்து வந்ததல்ல.

நாளையும் பயிற்சி நடத்தப்போகும்,
புவியியல் வாத்தியார்