பூத்த ஷீட்டும் ரெஜினாவின் மூச்சும்

ஜூலை 3, வியாழன்

விடியும்போதே சாரல். சிதறால் மலை தெரியவில்லை, அவ்வளவு மேகம். ஆறு மணிக்கே வேலை தொடங்கியாச்சு. வீட்டில் நான் தனி. என் மனைவி ரெஜினா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கோட்டாற்றில், அவள் அக்கா லில்லி மைனி வீட்டில். டாக்டர் சொன்னதுதான்: "பத்து நாள் வேற வீட்டுல இருக்கட்டும். அங்க மூச்சு இளைப்பு குறைஞ்சா, உங்க வீட்டுலதான் ஏதோ இருக்கு."

குறைந்துவிட்டது. போன நாளிலிருந்து நீல இன்ஹேலரை எடுக்கவே இல்லையாம். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. இருபத்துநாலு வருஷம் குடியிருந்த வீடு இப்போது அவளுக்கு ஆகவில்லை. லில்லி மைனி போனில் சிரிக்கிறாள்: "தம்பி, வீடு ஒத்துக்கல்லியா, வீட்டுக்காரன் ஒத்துக்கல்லியா?" நரம்பில்லாத நாக்கு.

டாக்டர் தந்த சீட்டுப்படி இன்று:
— திரைச்சீலை எல்லாம் கழற்றியாச்சு. தூசி ஒரு மரக்கால் இருக்கும்.
— மஸ்கட்டிலிருந்து நான் சுமந்து வந்த கம்பளம் பக்கத்து வீட்டுக்கு. மனசில்லாமல்.
— இலவம்பஞ்சுத் தலையணை நாலும் வெளியே.
— படுக்கை விரிப்பு வெந்நீரில். இனி வாரம் ஒரு தடவை.
— கொசுவத்திச் சுருள் நிறுத்தம். வலை வாங்க வேண்டும்.
— வாரியலால் பெருக்க வேண்டாம். ஈரத்துணிதான்.
— பூசணம்: டாக்டர் கேட்டபோதே "பெயிண்ட் அடிச்சு ரெண்டு வருஷம் ஆகல்ல டாக்டரே, சுவருல ஒரு பொட்டு கிடையாது" என்று சொல்லியாச்சு. சீட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

முதுகு போச்சு. ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும்.

ஜூலை 5, சனி

மழை. தலைகாட்ட முடியவில்லை. நாளை ரெ. சபைக்கு வருகிறாள். ஆராதனை முடிந்து வீட்டில்தான் சாப்பாடு. நெய்மீனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சும்மா இருப்பானேன் என்று எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டைத் துடைத்தேன். ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையின் கூரை போன வருஷக் காற்றில் பறந்ததிலிருந்து ஷீட் எல்லாம் உள் அறையில்தான் அடுக்கு. எங்கள் படுக்கை அறைக்கு அடுத்த அறை. விலை ஏறட்டும் என்று போட்டு வைத்தது. இந்த மழைக்கு நன்றாகப் பூத்திருக்கிறது. ஒவ்வொன்றாக ஹாலில் விரித்து, ஃபேனைச் சுழலவிட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். நாற்பது ஷீட். ஓயாத தும்மல். பிறகு தரையை இரண்டு முறை துடைத்தேன், சீட்டில் உள்ளபடி ஈரத்துணியால். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

வந்தாள். "வீடு புதுசு மாதிரி கெடக்கே!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அரை மணிகூட ஆகவில்லை. முதலில் செருமல். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். இன்ஹேலர். வெளியே நாற்காலி போட்டுக் கொடுத்தேன். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். மீன் குழம்பு அப்படியே இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரி தன் மருமகளிடம், எனக்குக் கேட்கும்படியே: "ரெண்டு பேருக்கும் பெணக்கம் போல. பாவம், இந்த வயசுல."

கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. இனி எதைக் கழற்றுவது? கூரையையா?

ஜூலை 8, செவ்வாய்

போன். "அக்கா இங்க ஒரு அறை ஒழிச்சுத் தாறேன்னு சொல்லுதா. மழை முடியுத வரைக்கும்" என்றாள்.

என் வாய் சும்மா இருந்ததா? "எனக்க வீடு உனக்குப் பிடிக்கல்ல. அதைச் சொல்லு" என்றேன்.

"மூச்சு முட்டுதது எனக்கு. உங்களுக்கு இல்ல" என்று வைத்துவிட்டாள்.

மடையன் நான். மழை முடிகிற வரைக்கும் என்றால் இந்த ஊரில் மார்கழி வரைக்கும். அங்கேயே பழகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

நாகர்கோவில், டாக்டரிடம். ரெ. எனக்கு முன்பே வந்து நின்றாள். வாசலிலேயே "மன்னிச்சிரு" என்றேன். "செரி செரி, உள்ள கேறுங்க, டோக்கன் போயிரும்" என்றாள்.

டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். "அவங்க வந்ததுக்கு முந்தின நாள் வீட்டுல என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். விரிப்பு, தரை, ஷீட் தேய்த்தது.

"ஷீட்டை எதுக்குத் தேய்க்கணும்?"

"பூத்திருந்தது டாக்டரே."

"ரப்பர் ஷீட்ல பூவா?"

ரெ.க்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். "பூசணம் டாக்டர்" என்றாள் மெதுவாக. "எங்க பக்கம் ஷீட்டுல வந்தா பூத்துதுன்னுதான் சொல்லுவோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் முதல்லயே கேட்டேனே சார், பூசணம் இருக்கான்னு."

"அது சுவருல..." என்று ஆரம்பித்தேன். காய்ந்த பூசணத்தைத் தேய்த்து, ஃபேனும் போட்டு, வீடு முழுக்க நானே தூவியிருக்கிறேன். அவளுக்கு இளைப்பு தொடங்கியது போன வருஷம். ஷீட் வீட்டுக்குள் வந்ததும் போன வருஷம். இதைச் சேர்த்துப் பார்க்க ஒரு மனுஷனுக்கு இவ்வளவு நாளா? அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறக்கக் கூடாதது: வீடு சரியானாலும் மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது.

ஜூலை 11, வெள்ளி

வியாபாரியின் வண்டி. ஒரு ஷீட்டைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "பூத்த ஷீட்டு அண்ணாச்சி. கிரேடு கொறையும்."

"கொறையட்டும். இன்னைக்கே எடு மக்கா."

என்ன விலை என்று எழுதப்போவதில்லை.

அறை காலியானதும் பார்த்தேன். அடுக்கு சாய்ந்திருந்த சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குக் கறுப்பு. ஒரு பொட்டு கிடையாது என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன சுவர்.

ஜூலை 12 முதல் 17 வரை

சுருக்கமாக. மூக்கில் துணி கட்டி, சுவரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஈரமாகவே தேய்த்தது. வெளிப்பக்கம் ஒழுகிய தண்ணீர்க் குழாயை அடைத்தது. பெயர்ந்த பூச்சைச் சுரண்டி மறுபடி பூசியது. பகலெல்லாம் ஜன்னல் திறப்பு. இரண்டு நாள் நல்ல வெயில், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மெத்தை மொட்டைமாடியில். புகைப்புரைக்குத் தகரம் போட ஆள் சொல்லியாச்சு. இனி ஒரு ஷீட் வாசல் தாண்டி உள்ளே வராது.

தினமும் போன். அவளுக்கு இளைப்பு இல்லை. "வாறியா?" என்று கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. வந்து மறுபடி மூச்சு முட்டினால்?

ஜூலை 19, சனி

வானம் மூடல். மழை இல்லை. ரெ., லில்லி மைனியோடு வந்தாள். "பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்." துணிமணி ஒன்றும் கொண்டுவரவில்லை. கைப்பை, அதில் இன்ஹேலர்.

நேரே உள் அறைக்குப் போய்ச் சுவரருகே முகர்ந்து பார்த்தாள். அரை மணி. ஒரு மணி. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீனும். நான் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னத்தப் பாக்கிய? தின்னுங்க!" என்று அதட்டினாள். திடீரென்று செருமினாள். எனக்கு உயிர் போய்விட்டது.

மீன் முள்.

நாலரைக்கு லில்லி மைனி எழுந்தாள். "ஏட்டி, எழும்பு. பஸ்ஸு போயிரும்."

"நீ போ அக்கா. நான் நிக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். தேயிலை போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போய் அழுதேன். லில்லி மைனி பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, அதிசயம்.

மைனியைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து வந்து வாசற்படியில் கால் வைத்தேன்.

"ஈரத் துணியோட உள்ள கேறாதிய! அங்கயே நில்லுங்க, தலை துடைக்கத் துவர்த்து கொண்டாறேன்."

நின்றேன்.