சாவிக்கடை திறந்துதான் இருக்கிறது

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ சுகமாக இருப்பதை உன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், வாயைத் திறந்து சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். போனில் எழுதினால் பாதிச் சொல்லுக்கு மேல் அதுவே எழுதிவிடுகிறது, என் கோபத்தை அதற்கு எழுதத் தெரியவில்லை, அதனால்தான் தாள்.

நூலக மாடியில் பெரியவர்களுக்கு இணையம் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தேன். போனை நானே தட்டித் தட்டிக் கற்றவள், எனக்கு எதற்கு வகுப்பு என்றுதான் இருந்தேன், சான்றிதழ் உண்டு என்றதும் போனேன். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவளுக்கு ஒரு காகிதமாவது சுவரில் தொங்கட்டுமே. கடைசியில் ஒரு பக்கக் கட்டுரை எழுத வேண்டும், இணையத்தில் பார்த்தது உண்மையா என்று எப்படி அறிவது என்பது தலைப்பு, ஒரு தகவலுக்கு மூன்று ஆதாரம் காட்ட வேண்டும். மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சாவிக்கடையை எடுத்துக்கொண்டேன். காய்கறி வீட்டுக்கே வரத் தொடங்கியபின் அந்தப் பக்கம் நான் போவதில்லை. கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று போன் வரைபடம் சொன்னது, கடைகளைப் பட்டியல் போடும் தளமும் அதையே சொன்னது, தெருக் குழுவில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், பாவம் நல்ல மனிதர் என்று கைகூப்பும் படமே போட்டிருந்தார். அழகாக எழுதி அப்பாவிடம் வாசித்தேன். மூணு பேர் சொன்னா என்னையே இல்லேன்னு எழுதிடுவ போலிருக்கே, அந்த ஆளோட நேத்துதான் டீ குடிச்சேன் என்றார்.

போய்ப் பார்த்தேன். கடை திறந்திருந்தது. வாங்கக்கா, நீங்களாச்சும் வந்தீங்களே, சாவிய உள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டு வெளியில நிக்கிறவன் போனைத்தானே பார்ப்பான், ரெண்டு வருஷமா புதுசா ஒருத்தரும் வரல, எந்தப் புண்ணியவான் கடை மூடியாச்சுன்னு அதுல போட்டானோ, மாசக் கடைசியில காலி பண்றேன் என்றார் சாவிக்காரர். அந்தப் புண்ணியவானைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்பு எடுக்கும் பெண்ணிடம் போனேன். தளம் வரைபடத்தைப் பார்த்து எழுதியதாம், போஸ்ட்மாஸ்டரும் அப்படியே. வரைபடத்துக்குச் சொன்னது யார் என்று தேடியவள் என் போனையே என்னிடம் திருப்பிக் காட்டினாள், நான் வரைபடத்துக்குச் சொன்ன பதில் தேதியோடு அதில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் சாவி போடப் போனேன், ஷட்டர் இறங்கியிருந்தது, அவர் சாப்பிடப் போயிருப்பார். இந்த இடம் திறந்திருக்கிறதா என்று போன் கேட்டது, இல்லை என்றேன். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாத பழக்கம் நம் வீட்டில் உனக்குத்தான் உண்டு. பிறகு நிரந்தரமாகவா என்றோ எதையோ கேட்டது, நல்ல வெயில், அதற்கும் ஆமாம் என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்பதை நீ எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம்.

சாவிக்காரரிடம் போய் அது நான்தான் என்றேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, சாப்பிடப் போகும்போது ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கலாமே என்றும் சொன்னேன். அவர் வெகுநேரம் அரத்தைத் துடைத்துவிட்டு, உக்காருங்கக்கா என்று ஸ்டூலைத் தள்ளினார். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். மூடியது என்றபோது உடனே நம்பிய வரைபடம், திறந்திருக்கிறது என்றால் பதினோரு நாளாகப் பரிசீலிக்கிறது. இன்னும் பலர் சொல்ல வேண்டுமாம். தெருவில் ஒவ்வொருவராகக் கடைக்கே கூட்டிப்போய்க் காட்டி, பிறகு போனில் திறந்திருக்கிறது என்று அழுத்தச் சொல்கிறேன். போஸ்ட்மாஸ்டர் வீட்டிலிருந்தே அழுத்துகிறேன் என்றார், விடவில்லை, நடக்க வைத்தேன். இதுவரை ஏழு பேர். பழைய கட்டுரையை ஒதுக்கிவிட்டு நடந்ததை எழுதி வகுப்புப் பெண்ணிடம் கொடுத்தேன். கண்ணால் பார்த்ததற்கு இணைப்பு இல்லையாம், பழையதில்தான் எல்லாம் விதிப்படி இருந்ததாம், அதையே கொடுங்க ஆன்ட்டி, சான்றிதழ் வந்துடும் என்றாள். மாட்டேன் என்றேன். சுவர் காலியாகவே இருக்கட்டும்.

நீ அங்கிருந்தே அழுத்திவிடுகிறேன் என்பாய். அழுத்தாதே, நீ பார்க்கவில்லை. மாசக் கடைசிக்குள் வா, உன் பெட்டிக்கு ஒரு சாவி போட்டுக்கொள், பார், பிறகு அழுத்து. வேளைக்குச் சாப்பிடு, உடம்பும் மனசும் கெடாமல் நூறு வயசு இரு. போன் ஏதாவது கேட்டால் இரண்டு முறை வாசி, அம்மா கேட்டால் ஒரு முறையாவது பதில் போடு.

இப்படிக்கு,
கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும்
உன் அம்மா