கடைசி நாள் கடன்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நீங்களும் சுகமா? குளிரில் உங்கள் முழங்கால் எப்படி? ஆல்பர்டா எண்ணெய் முகாமில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சாப்பாட்டில் உப்பைத் தவிர.

ஓய்வுக்காலச் சேமிப்பில் பணம் போட இன்று கடைசி நாள். போட்டால் வரியில் கொஞ்சம் திரும்பி வரும் என்று கடன் வாங்கியாவது போட முகாமே வங்கிக்கு ஓடியது. நானும் போனேன். அதிகாரி எனக்கும் கடனை நீட்டி, அதைப் போட பங்குச்சந்தை நிதி ஒன்றைக் காட்டினார்.

"வருஷத்துக்கு ரெண்டு சதவீதம்தான் கட்டணம், மேடம்."

"எனக்கு நஷ்டம் வந்தாலுமா?"

"ஆமா."

"அப்ப இதுவும் வேண்டாம், கடனும் வேண்டாம் சார். கட்டணம் கம்மியா இருக்கற நிதியில, சம்பளத்துக்குச் சம்பளம் நானே போட்டுக்கறேன்."

அறைத்தோழி டார்லீன் சிரித்தாள். "கஞ்சப் பிசினாறி. வரிப்பணம் திரும்பி வந்ததும் நான் பனியில ஓட்டற வண்டி வாங்குவேன். நீ என்னடி பண்ணுவ?"

"நிம்மதியா தூங்குவேன்."

பங்குச்சந்தை சூதாட்டம் என்று திட்டியிருந்தீர்கள். திட்டுங்கள். ஆனால் கடன் மட்டும் வாங்க மாட்டேன். கடலில் மீன் அற்றுப்போன வருஷம் உங்கள் படகைக் கடன்காரன் இழுத்துப்போனதைப் பார்த்தவள் நான்.

உப்புக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். அம்மா பின்னிய கையுறையில் ஒன்று தொலைந்துவிட்டது. இன்னொரு ஜோடி வேண்டும்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. கோடையில் மற்றவர்கள் கடனில் வாங்கிய புதுக் காரில் ஊருக்கு வருவார்கள். நான் ஒரு பெட்டியோடு வந்து இறங்குவேன். தலைநிமிர்ந்து வந்து நில்லுங்கள் அப்பா, அந்தப் பெட்டியை எவனும் இழுத்துப்போக முடியாது.

உங்கள் மகள்,
நோரீன்